மைதா முயலுக்குப் புல்லை நிறுத்தியது நான்

பாப்பா,

வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ திருச்சிக்குக் கிளம்புகிறாய். நர்சிங் ஹாஸ்டலுக்கு வேண்டிய பக்கெட், பூட்டு, வெள்ளைச் செருப்பு எல்லாம் வாங்கியாகிவிட்டது. உன் முயல் மைதாவை யாரிடம் விட்டுப் போவது என்பது மட்டும் முடிவாகவில்லை என்று என்னிடம் சொல்கிறாய். உன் அம்மாவிடம் வேறு மாதிரி சொல்லியிருக்கிறாய். அனுப்பம்பட்டில் இருக்கிற உன் தோழி சங்கீதாவின் வீட்டுக்கு அதை அனுப்பப் போகிறாய் என்று நேற்று மீன் கழுவிக்கொண்டே அவள் உளறிவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. வீட்டில் முழுசாக ஒரு ஆள் இருக்கும்போது எதற்காக ஊரார் வீடு? மைதாவை என்னிடமே விட்டுப் போ என்று கேட்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராது. நான் தினமும் எழுதுவது இறால் பண்ணையின் குட்டைக் குறிப்பு: உப்பு எவ்வளவு, ஆக்சிஜன் எவ்வளவு, தீனி எவ்வளவு. உனக்குப் பதினெட்டு, எனக்கு முப்பத்தொன்பது. உட்கார வைத்துப் புத்தி சொல்கிற வயதுக்கு நான் வரவில்லை, அதற்கான பொறுமை எனக்கு எப்போதும் இருந்ததும் இல்லை. இதை மடித்து உன் பெட்டியில் வைக்காமல் பத்திரிகைக்குக் கொடுப்பதற்குக் காரணம் ஒன்றுதான். உன்னை நான் திட்டியது குட்டைக் கரையில், பத்துப் பேர் எதிரில். அந்தப் பத்துப் பேரும் இதைப் படிக்கட்டும்.

பிளஸ் டூ பரீட்சை முடிந்த வாரம் நீ சங்கீதா வீட்டிலிருந்து திரும்பினாய். தோளில் தொங்கிய துணிப்பையில் ஏதோ அசைந்தது. இரண்டு மாதக் குட்டி. மாவு மூட்டைக்குள் விழுந்து எழுந்து வந்த மாதிரி இருந்தது, அதனால் மைதா என்றாய். "மீன்காரன் வூட்ல முயலு வளக்கப் போறாளாம்" என்று உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு எல்லம்மா அக்கா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "கறிக்கா பாப்பா? இப்ப ஒண்ணும் தேறாது. இன்னும் ரெண்டு மாசம் போவட்டும்" என்றார். நீ சிரிக்காமல், "உன் வூட்டு நாய் நல்லா தேறிக்கினு கீதே அக்கா, அத்த எப்ப போடப் போற?" என்றாய். அந்த அக்கா ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை. எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. ஆனால் என் கை அதற்குள் பண்ணையிலிருந்து கொண்டுவந்த எடை மெஷினைத் தேடிக்கொண்டிருந்தது. எண்ணூற்றுப் பத்து கிராம். கதவுக்குப் பின்னால் காலண்டரில் குறித்தேன். "இது இன்னா தின்னும்?" என்றேன். "புல்லு நைனா." "புல்லா? புல்லுல இன்னா புரோட்டீன் கீது?" என்று கேட்டேன். நீ குட்டியின் பற்களைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அந்தப் பற்கள் ஆயுசு முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், புல்லை அரைத்து அரைத்துத்தான் தேயும் என்பது உனக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. எனக்குப் பற்கள் கண்ணிலேயே படவில்லை. எனக்குத் தெரிந்தது கிராம்.

இறால் வளர்ப்பு தெரியாதவர்களுக்காக இதைச் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் நான் செய்த தவறு புரியாது. குட்டைக்குள் இறால் கண்ணுக்குத் தெரியாது. எவ்வளவு தின்றது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வலை கட்டிய ஒரு தட்டில் கொஞ்சம் தீனி வைத்துத் தண்ணீருக்குள் இறக்குவோம். செக் ட்ரே என்று பெயர். இரண்டு மணி நேரம் கழித்துத் தூக்கிப் பார்ப்போம். காலியாக இருந்தால் அடுத்த வேளை தீனியைக் கூட்டு, மிச்சம் இருந்தால் குறை. வாரத்துக்கு ஒருமுறை வீச்சுவலை போட்டுப் பிடித்து எடை பார். எடை ஏறவில்லை என்றால் எங்கோ கோளாறு. மேகம் மூடி ஆக்சிஜன் இறங்கினாலோ, நோய் என்று சந்தேகம் வந்தாலோ, யோசிக்காமல் செய்ய வேண்டிய முதல் காரியம் தீனியை நிறுத்துவது. மிச்சத் தீனி அடியில் அழுகினால் மொத்தக் குட்டையும் போய்விடும். பட்டினியால் செத்த இறாலை நான் பார்த்ததில்லை. அதிகத் தீனியால் செத்த குட்டைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பாலிடெக்னிக்கில் கெமிக்கல் டிப்ளமா முடித்து, அப்பாவோடு ஏரிக்கு மீன் பிடிக்கப் போகாமல் பண்ணையில் டெக்னீஷியனாகச் சேர்ந்த நாளிலிருந்து இதுதான் என் பிழைப்பு. கைக்குப் பழகிப்போன வித்தை. அந்தக் கையைத்தான் மைதாவின் கூண்டுக்குள்ளும் விட்டேன்.

நீ வேறு வழியில் போய்க்கொண்டிருந்தாய். நம்முடையது உப்புத்தண்ணீர் ஏரி, கரையில் முளைப்பதெல்லாம் உப்பு. உமரிச் செடியைக் கிள்ளி முதலில் நீயே வாயில் போட்டுப் பார்த்தாய், முகத்தைச் சுளித்துத் துப்பினாய், மைதாவுக்கு அது ஆகாது என்று அன்றே முடிவு செய்தாய். வாரம் இரண்டு முறை பஸ் ஏறி அனுப்பம்பட்டுக்குப் போய் சங்கீதா வீட்டு வயல் வரப்பில் அறுகம்புல் அறுத்துக்கொண்டு வந்தாய். கண்டக்டர் சாக்கைப் பார்த்து, "இன்னாம்மா, மாடு ஏதாச்சும் வாங்கிட்டியா?" என்று கேட்டதை வீட்டில் நடித்துக் காட்டினாய். எந்த வயலில் எப்போது மருந்து அடித்தார்கள் என்று விசாரிக்காமல் ஒரு வரப்பிலும் நீ அரிவாளை வைத்ததில்லை. கொண்டுவந்த புல்லை முதலில் கருவாடு காயவைக்கிற பரணில்தான் பரப்பினாய். மைதா மூக்கை ஒருமுறை ஆட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டது. மீன் வாடை. மறுநாள் நீ எங்கோ தேடி, தண்ணீரே பார்க்காத புது நைலான் வலைத் துண்டு ஒன்றைப் பிடித்து, மாடியில் கீற்று நிழலில் நான்கு மூலையும் இழுத்துக் கட்டினாய். காற்று கீழிருந்தும் அடிக்கும், வெயில் நேராகப் படாது. மூன்று நாளில் புல் பச்சை நிறம் போகாமல் காய்ந்து, ஒடித்தால் சடக்கென்றது. இவ்வளவு சுத்தமாக உலர்த்துகிற வேலையை யாரும் உனக்குச் சொல்லித்தரவில்லை. நான் மாடிக்கு வந்து பார்த்துவிட்டு, "சாக்கு மேலயே போட்டிருக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன்.

அந்தக் காய்ந்த புல்தான் மைதாவின் சாப்பாடு, மற்றதெல்லாம் தொட்டுக்கொள்ள என்பதில் நீ அசையவே இல்லை. எந்நேரமும் கூண்டில் புல் இருக்க வேண்டும், மைதாவின் உடம்பு அளவுக்குக் குவித்து. வளர்கிற குட்டி என்பதால் சங்கீதா வீட்டில் ஆட்டுக்குப் போடுகிற வேலிமசால் தழையில் ஒரு பிடி. கடையில் வாங்கிய முயல் தீவனம் காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம். புதிதாக ஒரு கீரை கொடுத்தால் ஓரிரு இலையோடு நிறுத்தி மூன்று நாள் புழுக்கையைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கீரை. கேரட் கட்டைவிரல் நகம் அளவு, அதுவும் எப்போதாவது. கவிழாத கனமான மண் சட்டியில் தண்ணீர். ஒரு நாள் உன் அம்மா ஆசையாக ஒரு துண்டு இட்லியை நீட்டினாள். நீ பாய்ந்து பிடுங்கினாய். "இன்னாடி, விஷமா வச்சிக்கினு கீறேன்? நாம துன்றதுதான?" "நாம துன்றதால தான்மா வேணாம்ங்கறேன். மாவு அதும் வயித்துல போய்ப் பொங்கும்." உன் அம்மா என்னைப் பார்த்து, "கேட்டுக்கினியா, என் இட்லி பொங்குமாம்" என்றாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் எதையும் நீட்டவில்லை. நீ சொன்னால் கேட்கிறாள். வீட்டில் கேட்காதவன் நான் ஒருவன்தான்.

எடை வாரத்துக்கு ஏறக்குறைய நூற்றைம்பது கிராம் ஏறிக்கொண்டிருந்தது. நல்ல ஏற்றம். எனக்குப் போதவில்லை. கூண்டில் எப்போதும் புல் மிஞ்சிக் கிடப்பது என் கண்ணை உறுத்தியது. மிச்சம் கிடந்தால் தீனி சரியில்லை என்று படித்த மூளை இது. கடலைப் புண்ணாக்கு, உடைத்த சோளம், தவிடு மூன்றையும் அளந்து ஒரு கலவை போட்டேன். காகிதத்தில் புரோட்டீன் அழகாக வந்தது. நீ வேண்டாம் என்றாய். சரி என்று தலையாட்டிவிட்டு, நீ புல்லுக்குப் போகிற நாட்களில் உனக்குத் தெரியாமல் வைத்தேன். இதை இப்போதுதான் முதல் தடவையாக எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன். மைதா அதை ருசித்துத் தின்றது, புல்லைக் குறைத்தது, எடை வாரத்துக்கு இருநூறு கிராமுக்கு மேல் ஏறியது. காலண்டரில் அந்த எண்ணைச் சுற்றி வட்டம் போட்டேன். இரண்டே வாரத்தில் நீ கண்டுபிடித்துவிட்டாய். கூண்டுக்கு அடியில் இருந்த தட்டை அப்படியே என் மூக்குக்குக் கீழே கொண்டுவந்து நீட்டினாய். "நைனா, இது இன்னா பாரு. முன்னாடி கொண்டைக்கடலை மாதிரி உருண்டையா, உடைச்சா உள்ள புல்லு தெரியும். இப்ப சின்னதா, ஒட்டிக்கினு, கருப்பா கீது. எண்ணிக்கையும் கொறஞ்சி போச்சி." "எடை ஏறுதும்மா. மெஷின் பொய் சொல்லாது." அதற்கு நீ சொன்னது என்னைப் பிடித்து ஆட்டியிருக்க வேண்டும்: "நீ இறாலுக்கு ட்ரேயத் தூக்குனதும் மொதல்ல கழிவு எந்தக் கலர்ல கீதுன்னுதான பாக்குற? இதுக்கு மட்டும் ஏன் பாக்கல?"

சரியான கேள்வி. கேட்டவள் என் மகள் என்று நான் பெருமைகூடப் படவில்லை. "கலீஜு, அந்தாண்ட எடுத்துக்கினு போ" என்றேன். அது மட்டுமில்லை. மைதா தன் பின்பக்கம் குனிந்து, திராட்சைக் கொத்து மாதிரி வருகிற மென்மையான கழிவைத் தானே தின்பதை அதற்கு முன்பே ஒரு நாள் பார்த்து அருவருத்து, தலையைத் தட்டி விரட்டியிருந்தேன். அது அப்படித்தான் தின்ன வேண்டும், ஒருமுறை குடலில் போனதில் மிஞ்சிய சத்தை இரண்டாவது முறை எடுக்கிறது, அதைத் தின்னாமல் விட்டால்தான் கவலைப்பட வேண்டும் என்று நீ விளக்கியிருந்தாய். நான் காதில் வாங்கவில்லை. என் கலவை வயிற்றுக்குள் போன பிறகு மைதா அந்தக் கழிவைத் தின்னாமல் மிச்சம் வைத்தது, பின்பக்க மயிரில் அப்பிக்கொண்டது. நீ வெதுவெதுப்பான துணியால் துடைத்துவிட்டாய். என் கலவையை வெளியே கொண்டுபோய் எல்லம்மா அக்காவின் கோழிகளுக்குக் கொட்டினாய். அதோடு சரியாகியிருக்கும். சரியாக விட்டேனா நான்?

மைதா முழுசாகத் தேறுவதற்குள் நீ கவுன்சலிங்குக்குச் சென்னை போய் அத்தை வீட்டில் ஒரு நாள் தங்கினாய் அல்லவா, அன்று மாலை நான் வேலை சீக்கிரம் முடிந்து வந்தபோது மைதா மூலையில் முதுகைக் குவித்து உட்கார்ந்திருந்தது. வயிறு உப்பலாகத் தெரிந்தது. பற்களை நறநறவென்று தேய்த்துக்கொண்டிருந்தது. வலி என்றால் முயல் அப்படிச் செய்யும் என்பது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: உடம்பு சரியில்லை என்றால் தீனியை நிறுத்து. தீவனத்தை எடுத்தேன். கீரையை எடுத்தேன். காய்ந்த புல்லைக் கடைசித் துணுக்கு வரை அள்ளிச் சாக்கில் கட்டி மாடியில் போட்டேன். "பச்சப்புள்ள மாதிரி கீது, இத்துனூண்டு புல்லாச்சும் வையேன்யா" என்றாள் உன் அம்மா. "வயிறு காலியானாத்தான் க்ளீன் ஆவும். இருபது வருசமா இதான் என் வேல" என்றேன். உன்னை ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் நீ வேறு ஏதாவது சொல்வாய் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குப் போனவள், பத்தே நிமிஷத்தில் மீன் கூடையில் துண்டு விரித்து மைதாவை வைத்துத் தூக்கிக்கொண்டு நேராகக் குட்டைக் கரைக்கு வந்தாய். அன்று எங்களுக்கு எடை பார்க்கிற நாள். வலை வீசுகிற ஆட்கள், தீனி ஆட்கள், பக்கத்துப் பண்ணைக்காரர்கள் என்று பத்துப் பேர் கரையில் இருந்தோம். "நைனா, மைதா புல்லு எங்க?" "நிறுத்திட்டேன். வயிறு சரியில்ல. ரெண்டு நாள் காலியா வுட்டா தானா சரியாயிடும்." "இது இறால் இல்ல நைனா. இதும் வயிறு காலியா இருந்தா குடலே நின்னு போயிடும்." பத்துப் பேர் எதிரில் மகள் சொல்கிறாள். ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். எனக்கு ஏறிவிட்டது. "எனக்கே கிளாஸ் எடுக்கறியா? இப்பதான் பரீட்ச எழுதி முடிச்ச, அதுக்குள்ள டாக்டராயிட்டியா நீ? ஒரு மண்ணும் தெரியாம ஒரு முயலத் தூக்கிக்கினு பேஜார் பண்ண வந்துட்டா" என்று கத்தினேன். நீ அழவில்லை, திருப்பிக் கத்தவும் இல்லை. கூடையை இடுப்பில் சரிசெய்துகொண்டு ஒன்றே ஒன்று கேட்டாய். "எத்தன மணிக்கு எடுத்த? கரெக்டா சொல்லு." "ஆறரை." உதட்டுக்குள் எண்ணினாய். "பதினாறு மணி நேரம்" என்று உனக்கே சொல்லிக்கொண்டு, திரும்பி, பொன்னேரி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாய்.

நீ சண்டை போட்டிருந்தால் நான் அங்கேயே நின்று சண்டையில் ஜெயித்திருப்பேன். நீ மணியைக் கேட்டதுதான் என்னைக் கலக்கியது. உயிர் போகிறதா இருக்கிறதா என்கிற நேரத்தில் யார் சரி என்பதை ஒதுக்கிவிட்டு எது வேண்டுமோ அதை மட்டும் கேட்கத் தெரிவது பெரிய விஷயம். ஆக்சிஜன் இறங்கிய குட்டைக் கரையில் அனுபவஸ்தர்களே ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லிக்கொண்டு நிற்பதைப் பார்த்தவன் நான். அரை மணி நேரத்தில் பைக்கை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தேன். பொன்னேரியில் கால்நடை மருத்துவமனைக்குள் நான் நுழைந்தபோது டாக்டரம்மா மைதாவின் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதிலிருந்து சாப்பிடவில்லை, கடைசியாக எப்போது புழுக்கை போட்டது, என்னென்ன தின்றது என்று அவர் கேட்கக் கேட்க, புண்ணாக்கு, சோளம், தவிடு, எத்தனை நாள் என்று எல்லாவற்றையும் விடாமல் சொன்னாய். "புல்லை ஏன்மா நிறுத்தினீங்க? முயலுக்கு அதைச் செய்யவே கூடாதே. யார் சொன்னது?" என்று அவர் சட்டென்று நிமிர்ந்தார். நான் கதவருகே நின்றிருந்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. "நாங்கதான் மேடம், தெரியாம நிறுத்திட்டோம்" என்றாய்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த மாட்டுத் தடுப்பூசி அட்டவணையை ரொம்பக் கவனமாகப் படித்தேன். டாக்டரம்மா உன்னைத்தான் திட்டினார். படித்த பெண் இப்படிச் செய்யலாமா என்றார். நீ தலைகுனிந்து கேட்டுக்கொண்டாய், கேட்டு முடித்ததும், "அடைப்பு எதுவும் இல்லையே மேடம்? வாய்ல ஊட்டலாமா?" என்றாய். அவர் இன்னொரு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, அடைப்பு தெரியவில்லை, காற்று கட்டியிருக்கிறது, குடல் மந்தமாகிவிட்டது என்றார். வலி குறையவும் குடல் அசையவும் ஊசி போட்டு, தோலுக்கு அடியில் கொஞ்சம் தண்ணீர் ஏற்றி, எப்படி ஊட்டுவது என்று சொல்லிக்கொடுத்தார். இன்னும் அரை நாள் போயிருந்தால் தன்னிடம் கொண்டுவந்திருக்க வேண்டாம் என்றும் சொன்னார்.

வீட்டில் நீ செய்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். காய்ந்த புல்லை மிக்சியில் பொடியாக்கி, ஊறவைத்த தீவனத்தோடு கரைத்து, வடிகட்டி, ஊசி கழற்றிய சிரிஞ்சில் எடுத்து, வாயின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விட்டாய். ஒரு வாய் விழுங்கும் வரை அடுத்த வாய் இல்லை. மூச்சுக்குழாயில் போய்விடக் கூடாது என்று அதன் தலையை மேலே நிமிர்த்தவே இல்லை. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி அணைப்பாக வைத்தாய். வயிற்றை நீவிவிட்டாய். ஒவ்வொரு முறையும் மூக்குக்கு முன்னால் புது அறுகம்புல் ஒரு நுனியை வைத்துப் பார்த்தாய். ஒரு நோட்டில் மணி, எத்தனை மில்லி, புழுக்கை உண்டா இல்லையா என்று மூன்று கட்டம் போட்டு எழுதினாய். இருபது வருஷமாக நான் எழுதுகிற குட்டைக் குறிப்பேட்டில் அவ்வளவு ஒழுங்கு இல்லை. என்னிடம் மணி சரியில்லை என்றால் குத்துமதிப்பாகப் போடுவேன். நீ ஒரு வேளைகூட அப்படிப் போடவில்லை. மூன்றாவது கட்டத்தில் இல்லை, இல்லை, இல்லை என்றே வந்துகொண்டிருந்தது. மறுநாள் பகல் ஒன்றரை மணிக்கு மைதா எழுந்து இரண்டடி நகர்ந்தது. அது உட்கார்ந்திருந்த இடத்தில் மிளகு அளவில் மூன்று உருண்டை. நீ போட்ட சத்தத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் எல்லம்மா அக்கா இன்னாவோ ஏதோ என்று ஓடிவந்தார். "ஒண்ணுமில்ல, முயலு பொழுக்க போட்டுச்சி. அதுக்குத்தான் ஊரக் கூட்றா உங்க பாப்பா" என்று சொல்லிக்கொண்டே உன் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த மாலையே மைதா தானாகப் புல்லை இழுத்தது. அந்த வாரம் எடை நூறு கிராம் இறங்கியிருந்தது. காலண்டரில் அதை நீதான் எழுதினாய். இப்போது இரண்டு கிலோவைத் தாண்டி, விலா எலும்பு தொட்டால் தெரியும், பார்த்தால் தெரியாது என்கிற சரியான உடம்போடு இருக்கிறது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும், நீ போகப்போகிற வேலைக்காக. நீ "நாங்க" என்று சொன்னதை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன். கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் பத்துப் பேர் எதிரில் உன் மானத்தை வாங்கியவன் நான். என் மானத்தை நீ ஒரே ஒரு ஆளிடம்கூட விட்டுக்கொடுக்கவில்லை. அந்த மனசு எனக்கு இல்லை, அது உனக்கு எங்கிருந்து வந்தது என்றும் தெரியவில்லை. ஆனாலும் பாப்பா, வார்டில் அதைச் செய்யாதே. எந்த மருந்தை யார் நிறுத்தியது, எப்போது நிறுத்தியது என்று கேட்டால் ஆளைச் சொல். மணியைச் சரியாகச் சொன்னாய், தீனியைச் சரியாகச் சொன்னாய், ஆளை மட்டும் மறைத்தாய். அந்த ஆள் அடுத்த வாரமும் அதையே செய்யலாம். டாக்டரம்மா அன்று என்னைத் திட்டியிருந்தால் எனக்கு இன்னும் சீக்கிரம் புத்தி வந்திருக்கும். உன்னைத் திட்டியதால், வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் தப்பித்த சந்தோஷத்தில்தான் பைக் ஓட்டினேன். உண்மை அது.

சரி, கேட்க வந்த விஷயத்துக்கு வருகிறேன். மைதாவை என்னிடம் விட்டுப் போ. இந்த வரியை எழுதிவிட்டுக் காரணங்களை அடுக்க ஆரம்பித்தேன். எனக்கு இப்போது எல்லாம் தெரியும். புல் முதலில், மற்றது பிறகு என்று தெரியும். புழுக்கையின் அளவு பார்க்கத் தெரியும். மைதாவும் என் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து நிற்கிறது. பிறகு, எழுதுகிற பழக்கத்தில், ஒரு நாளை மணிப்படி எழுதிப் பார்த்தேன். காலை ஐந்தரைக்கு நான் கிளம்புகிறேன். ஆறுக்கு உன் அம்மா மீன் கூடையோடு கிளம்புகிறாள், திரும்ப இரண்டாகும். நான் வர இரவு எட்டு. குட்டையில் இறால் குஞ்சு விட்ட புதிதில் இரவும் பண்ணையில்தான். எட்டு மணி நேரம் வீடு பூட்டிக் கிடக்கும். மைதாவுக்கு வயிறு நின்றால் அது கத்தாது, வாலை ஆட்டாது, மூலையில் போய் உட்காரும், அவ்வளவுதான். அதைப் பார்க்க அந்த நேரத்தில் ஒரு ஆள் வேண்டும். சங்கீதா வீட்டில் எப்போதும் யாராவது இருக்கிறார்கள், வாசலிலேயே வரப்பு, மைதாவின் தாய் முயலை அவள்தான் வளர்க்கிறாள். நீ இதையெல்லாம் எப்போதோ யோசித்து முடித்திருக்கிறாய். நைனாவுக்கு வருத்தமாக இருக்குமே என்று என்னிடம் சொல்லாமல் வைத்திருக்கிறாய், ஆனால் வருத்தத்துக்காக முடிவை மாற்றவில்லை. உன் இடத்தில் நான் இருந்தால் பாசத்தைப் பார்த்து முயலைக் கொன்றிருப்பேன். நான் கேட்டதை வாபஸ் வாங்குகிறேன். அனுப்பம்பட்டுதான் சரி.

சனிக்கிழமைக்கு லீவு சொல்லிவிட்டேன். கூண்டைப் பைக்கில் நான் கட்டிக்கொள்கிறேன், நீ மைதாவை மடியில் வைத்துக்கொள். சங்கீதாவின் அப்பா ஆடு வளர்க்கிறவர், தவிட்டின் மேல் நம்பிக்கை உள்ளவர், வயிறு சரியில்லாத ஆட்டைப் பட்டினி போடுகிறவராகக்கூட இருக்கலாம். கூண்டை இறக்கியதும் கட்டாயம் கேட்பார்: "இத்தினி நாள் நல்லாத்தான வளத்தீங்க, உங்க வூட்லயே வச்சிக்கினா இன்னா?" நீ உடனே, "நைனாவுக்குப் பண்ணையில வேல ஜாஸ்தி மாமா" என்று ஆரம்பிப்பாய். உன்னை எனக்குத் தெரியும். அன்றைக்கு மட்டும் பேசாமல் நில். அவருக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

உன் நைனா